அம்மாவின் பழுப்பு

முதல் நாள் அம்மா கால்வாசித் தாளைப் பழுப்பாக்கினாள். அவ்வளவுதான்.

மேஜைமேல் பெரிய வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. பக்கத்தில் 25 நிறம் கொண்ட ஆயில் பேஸ்டல் பெட்டி, பென்சில், வாட்டர்கலர், ஈரத்துணியில் சுற்றிய களிமண் உருண்டை. "எது பிடிக்குதோ எடுத்துக்கோங்கம்மா. என்ன வேணும்னாலும் பண்ணலாம். சும்மா உக்காந்திருந்தாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த பெண் அம்மாவுக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அம்மா பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பழுப்பை எடுத்துத் தாளின் இடது மூலையில் தேய்க்க ஆரம்பித்தாள். உருவம் எதுவும் இல்லை. கோடுகூட இல்லை. தேய்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்த்ததில் பேஸ்டல் மெழுகு மாதிரி திரண்டு, தாள்மேல் ஒரு தோலாகப் படிந்தது. அதை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

நானும் அந்த அறையில் இருந்தேன். தனியாக உள்ளே போகமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், முதல் நாள் மட்டும் என்னையும் உட்கார விட்டிருந்தார்கள். அரைமணி நேரம் யாரும் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. பேஸ்டலை அதன் குழியில் திரும்ப வைத்து, பெட்டியை மூடி, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதற்குமேல் தாளைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அவர் கலை சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளர். "நல்லா இருக்குன்னு சொன்னா அடுத்த தடவையும் நல்லா வரணுமேன்னு அவங்களுக்குத் தோணிடும். இங்க எதுவும் நல்லா வர வேண்டியதில்ல. நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

இதைப் படித்துவிட்டு, 'பாராட்டினால்கூடத் தப்பா?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் கோபமும் வந்தது. அவர் சொன்னது சரியென்று பிடிபட எனக்கு ஐந்தாறு வாரம் ஆனது. அந்த வாரங்களில் பார்த்ததையும், அதன் பிறகு தேடித்தேடிப் படித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். வீட்டில் யாராவது பேசாமல் ஆகிவிட்டிருந்தால் உங்களுக்கு இது உதவலாம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். 31 வருஷ சர்வீஸ். ரிட்டயராகி ஒன்பதாவது வருஷம், ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா வாய்விட்டு அழுதது அன்று ஒருநாள்தான். காரியம் முடிந்த பிறகு எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்தாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போயிற்று. ஐந்தாவது மாதம் தூக்கம் போனது. சாப்பாடு பாதியானது. வயிறு எரிகிறது என்றாள், நெஞ்சு படபடக்கிறது என்றாள், தொண்டையில் என்னவோ உருண்டையாக நிற்கிறது என்றாள். ஈ.சி.ஜி., எண்டோஸ்கோப்பி, தைராய்டு டெஸ்ட் எல்லாம் எடுத்தோம். எல்லாமே நார்மல். ஒரு மருத்துவமனையில், "வயசானா இப்படித்தான், கோயில் குளம்னு கூட்டிட்டுப் போங்க" என்று மூன்று நிமிஷத்தில் முடித்துத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று நிமிஷத்துக்காகக் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

துக்கத்தை உடம்பின் மேல் வைத்துச் சொல்வது நம் வழக்கம். மனசு சரியில்லை என்று சொல்ல நாக்கு வராது. வயிறு சரியில்லை என்று சொல்ல வரும். அதை நடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வயிறு நிஜமாகவே எரியும். கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசிப் பார்த்து, இது மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருந்து ஆரம்பித்தார். சில வாரங்களில் தூக்கம் வந்தது. சாப்பாடும் தேறியது. ஆனால் பேச்சு வரவில்லை. கவுன்சலிங்குக்கு மூன்று முறை போனோம். என்ன கேட்டாலும் ஒரே பதில், "ஒண்ணுமில்லை." அப்போதுதான் அந்த மருத்துவர், "பேசச் சொல்லிக் கேட்க வேண்டாம், வரைய வைத்துப் பார்ப்போமா?" என்றார்.

"எனக்கு என்ன படம் வரையத் தெரியும்?" என்று அம்மா கேட்டாள். சிகிச்சைக்கு வருகிற பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே சொல்லும் முதல் வாக்கியம் அதுதானாம்.

நாற்பது வருஷம் தினமும் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டவள் என் அம்மா. இருபத்தொரு புள்ளி வைத்து, தாளில் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல், நேராகத் தரையில் இழுப்பாள். அதை வரைவது என்றே அவள் நினைத்ததில்லை. துக்க வீட்டில் கோலம் போடக்கூடாது என்பது நம் முறை. பதினாறாம் நாள் வரைக்கும் என்றார்கள், அப்புறம் வருஷம் திரும்பும் வரைக்கும் என்றார்கள். மங்கலம் என்பதில் இனி உனக்கு இடமில்லை என்று வாயால் சொல்லாமல் சொன்ன உறவுக்காரர்களும் உண்டு. அம்மா அரிசிமாவு டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். கைக்கு வேலை மிக அவசியமான நேரத்தில், நாற்பது வருஷம் பழகிய ஒரே கோட்டை அந்தக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். இந்த வழக்கத்தைப் பற்றி நான் முன்பு யோசித்ததே இல்லை. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சரி, இந்தக் கலை சிகிச்சை எங்கிருந்து வந்தது? இதன் தொடக்கத்தில் மருத்துவர்களைவிட அதிகமாக நோயாளிகளும் ஓவியர்களும்தான் இருக்கிறார்கள். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் முதல் உலகப்போரில் போர்முனைக்குப் போய் வரைந்தவர். 1938-ல் காசநோய் வந்து, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரிலிருந்த சானடோரியத்தில் படுத்தார். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. மாதக்கணக்கில் படுக்கைதான் வைத்தியம். கைக்கெட்டிய பொருள்களை வரைந்து பொழுதைத் தள்ளியவருக்கு, வரையும் நேரத்தில் நோயின் பிடி தளர்வது தெரிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரையச் சொன்னார். போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 'கலை சிகிச்சை' என்ற பெயரை 1942-ல் வைத்தவர் அவர்தான். 1945-ல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

என் மனதை அதிகம் பிடித்துக்கொண்டவர் அவருக்கு அடுத்து வந்த எட்வர்ட் ஆடம்சன். இவரும் ஓவியர்தான். லண்டனுக்குத் தெற்கே நெதர்ன் என்ற பெரிய மனநல மருத்துவமனை. மூளையில் கத்திவைக்கும் அறுவை சிகிச்சைகள் சாதாரணமாக நடந்த காலம். 1946 வாக்கில் ஆடம்சன் அங்கே நோயாளிகளிடம் ஓவியங்களைப் பற்றிப் பேசப் போயிருந்தார். அப்போது ஒருவர் அவர் கையில் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால், கழிப்பறைத் தாள்கள். அன்றைய கழிப்பறைத் தாள் மொடமொடவென்று, டிரேசிங் தாள் மாதிரி இருக்கும். அதில் எரிந்த தீக்குச்சியின் கரியால் முகங்களும் உருவங்களும் நெருக்கமாக வரையப்பட்டிருந்தன. பென்சிலும் தாளும் கொடுக்க யாருக்கும் தோன்றாத இடத்தில், அந்த மனிதர் எரிந்த குச்சிகளைச் சேர்த்து வைத்து வரைந்திருக்கிறார். ஜே.ஜே. பீகன் என்ற பெயரைத் தவிர அவரைப் பற்றி அநேகமாக வேறெதுவும் மிஞ்சவில்லை. அந்தத் தாள்கள் மட்டும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

ஆடம்சன் அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1981 வரை நோயாளிகளுக்கு ஒரு ஸ்டுடியோ நடத்தினார். சொல்லிக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, படத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. மருத்துவர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காக வைத்த விதி அது. ஆடம்சனோ அதைத் தன் இயல்பாகவே ஆக்கிக்கொண்டார். தாளும் வண்ணமும் எடுத்துவைப்பார். கூடவே இருப்பார். வரைந்ததைப் பத்திரப்படுத்துவார். இன்றும் மிஞ்சியிருப்பவை ஐயாயிரத்துக்கும் மேல். 'பாத்துக்கிட்டு மட்டும் இருங்க' என்று என்னிடம் சொல்லப்பட்டதற்குப் பின்னால் இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறது என்று இவரைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

இன்னொருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898-ல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் அவரை நாஜிகள் தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் எடுத்துப்போகலாம். அந்த எடைக்குள் ஓவியச் சாமான்களையும் கட்டிக்கொண்டு போனார். பெற்றோரைப் பிரிந்து, பசியோடு அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அங்கே ஓவிய வகுப்பு எடுத்தார். தாள் கிடைக்காத இடம். அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும், கிழிசல்களும்தான். ஒவ்வொரு படத்திலும் குழந்தைகளைத் தங்கள் பெயரை எழுதச் சொன்னார். மனிதர்களை எண்களாக்கி வைத்திருந்த இடத்தில் பெயர் எழுதச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். போகும்முன் குழந்தைகளின் படங்கள், சுமார் 4,500, இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார். அந்த மாதமே கொல்லப்பட்டார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் இன்று பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீடு, பூ, பட்டாம்பூச்சி, ரயில், இரட்டை அடுக்குக் கட்டில்கள். இவரிடம் முன்பு கலை கற்ற ஈடித் கிரேமர், 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய், நியூயார்க் அருகே கஷ்டப்பட்ட சிறுவர்களுக்கான விடுதிப்பள்ளி ஒன்றில் வேலை செய்து, குழந்தைகளுக்கான கலை சிகிச்சை என்ற துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார்.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996-ல், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற இடம் தொடங்கப்பட்டது. பால் ஹோகன் என்ற கனடிய ஓவியரும், பால் சற்குணநாயகம் என்ற ஜேசு சபைப் பாதிரியாரும் அதன் பின்னால் இருந்தார்கள். போரைக் கண்ணால் பார்த்த தமிழ், முஸ்லிம் குழந்தைகள் சேர்ந்து வந்து மண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள். 'உனக்கு என்ன நடந்தது, சொல்' என்று கேட்பதைவிட, சொல்ல வேண்டியது கை வழியே வரட்டும் என்று விட்டுவைத்த இடம் அது.

அம்மாவிடம் திரும்புகிறேன்.

வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம். இரண்டாவது வாரத்திலிருந்து நான் வெளி வராந்தாவில். அதனால் உள்ளே நடந்ததில் எனக்குத் தெரிந்தது, அம்மா தானாகச் சொன்னதும், அம்மாவின் சம்மதத்தோடு அந்தப் பெண் என்னிடம் சொன்னதும்தான். சிகிச்சை முடியும்வரை படங்கள் எதையும் வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். அம்மாவின் பெயர் எழுதிய ஃபைலில் வைத்து அலமாரியில் பூட்டிவிடுவார்கள். நோயாளி மருத்துவரிடம் பேசுவது எப்படி வெளியே போகக் கூடாதோ, படமும் அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குள் ஒரு நிம்மதி. நம் வீடுகளில் யார் எதை வரைந்தாலும் உடனே போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுகிறோமே.

எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது என்பதிலேயே பெரிய சூட்சுமம் இருக்கிறது. பென்சில் நம் சொல் கேட்கும். அழுத்தினால் கருக்கும், விட்டால் நிற்கும். கட்டுப்பாடு முழுக்க நம்மிடம். கிரையானும் பேஸ்டலும் நடுத்தரம். வாட்டர்கலர் நம்மைக் கேட்காமல் ஓடும்; எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. களிமண் விரல், உள்ளங்கை, தோள் என்று உடம்பையே உள்ளே இழுத்துவிடும். கெட்டியான பொருள் மனதைக் கட்டி நிறுத்தும், இளகிய பொருள் உணர்ச்சியை அவிழ்த்துவிடும் என்று 1978-லேயே கேகின், லூஸ்பிரிங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கோட்பாடாக வகுத்திருக்கிறார்கள். அதனால்தான் பெரிய அதிர்ச்சியிலிருந்து வந்தவர் கையில் எடுத்த எடுப்பில் களிமண்ணைக் கொடுத்துப் பிசையச் சொல்லிவிடக் கூடாது. உள்ளே இருப்பது ஒரேயடியாக வெளியே வந்து, அள்ள ஆளில்லாமல் கிடந்தால் அது சிகிச்சை இல்லை. அம்மாவுக்குமுன் எல்லாவற்றையும் வைத்து அவள் எதைத் தொடுகிறாள் என்று பார்த்ததற்குக் காரணம் இதுதான். களிமண்ணைச் சுற்றியிருந்த ஈரத்துணியை அம்மா பிரிக்கவே இல்லை.

இரண்டாவது வாரமும் பழுப்பு. மூன்றாவது வாரமும் பழுப்பு. நான் பயந்துபோனேன். ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். பழுப்பு என்றால் மனச்சோர்வு, பழுப்பு என்றால் பாதுகாப்பின்மை, கறுப்பு என்றால் மரண எண்ணம், சிவப்பு என்றால் கோபம். பக்கம் பக்கமாக இருந்தது. மறுவாரம் அந்தப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். "அதெல்லாம் நம்பாதீங்க" என்றார். "ஒரு நிறத்துக்கு எல்லா ஊர்லயும், எல்லாருக்கும் ஒரே அர்த்தம் கிடையாது. அந்த நிறம் அவங்களுக்கு என்னன்னு அவங்களுக்குத்தான் தெரியும். சொல்லணும்னு தோணும்போது சொல்லுவாங்க. சொல்லாமலும் போகலாம்." ஒரு குழந்தை கறுப்பில் சூரியன் வரைந்தால், கையில் கறுப்பு கிரையான் மட்டும் மீதி இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

நாலாவது வாரம் மஞ்சள் வந்தது. ஒரு துளி பச்சையும். தனியாக இல்லை, பழுப்பின் மேலேயே. மேலே மேலே போட்டு, ஆள்காட்டி விரலால் தேய்த்து, கலைத்து, மறுபடி போட்டு. ஒரு தாளில் நான்கைந்து சதுரங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு நிறத்தில். விரலில் ஒட்டிய மெழுகு வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவியும் ரேகைகளுக்குள் நின்றது. அதை அம்மா விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆறாவது வாரம். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அம்மா பேசும் சத்தம் கேட்கிறது. என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மா ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசுவதைக் கேட்கிறேன். எழுந்து ஜன்னல் பக்கம் போகத் துடித்த காலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவாகவே சொன்னாள். "காக்கி வரமாட்டேங்குதுடி. பெட்டியில காக்கி இல்லை. பழுப்புல மஞ்சள் போட்டாலும் வரல. பச்சை போட்டா கெட்டுப்போகுது."

அப்பாவின் யூனிஃபார்ம்.

31 வருஷம் அந்தக் காக்கிச் சட்டையைத் துவைத்தது அம்மா. காலரில் சோப்பு போட்டுத் தேய்த்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டது அம்மா. டிக்கெட் கட்டும் சில்லறையும் இருக்கும் தோல்பை உரசி உரசி, இடது தோளில் மட்டும் காக்கி வெளுத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். புதுச் சட்டையின் காக்கி வேறு, பத்துத் துவைப்புக்குப் பிறகு வரும் காக்கி வேறு, நனைந்த காக்கி வேறு. அந்தச் சதுரங்கள் எல்லாம் அவைதான். நான் இணையத்தில் மனச்சோர்வு என்று தேடிக்கொண்டிருந்த பழுப்பு, அம்மாவின் முப்பத்தொரு வருஷ வேலை. முதல் வாரமே யாராவது 'ஏன் பழுப்பு?' என்று கேட்டிருந்தால் அம்மா 'ஒண்ணுமில்லை' என்றுதான் சொல்லியிருப்பாள். நான் சொன்ன 'நல்லா இருக்கு' அதைவிட மோசம். இன்னும் பாதிகூட வராத ஒன்றின்மேல் நான் முத்திரை குத்திவிட்டேன்.

யூனிஃபார்ம் எல்லாம் எங்கே என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போய்ட்டாங்கல்ல" என்றாள். காரியத்தன்று பெரியவர்கள் அப்பாவின் துணிமணிகளை மூட்டைகட்டிக் கொடுத்தனுப்பியபோது, பழையதுதானே என்று அதையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கண் நிறைந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது அம்மாதான் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படம் வரைந்ததால் அம்மாவின் நோய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. மருந்து கூடவே போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஆராய்ச்சிகள் இரண்டு விதமாகவும் பேசுகின்றன. 2016-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களை 45 நிமிஷம் களிமண், மார்க்கர், கொலாஜ் என்று இஷ்டப்பட்டதைச் செய்ய வைத்து, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு ஏறும் ஹார்மோன் அது. சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அளவு இறங்கியிருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. 'எனக்கு என்ன வரையத் தெரியும்' என்பவர்களுக்கு இதைத்தான் நான் இப்போது சொல்கிறேன். ஆனால் அது சிறிய ஆய்வு, ஒரே ஒரு தடவை செய்தது. 2012-ல் பிரிட்டனில் மனச்சிதைவு நோயுள்ள 417 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு வெளியானது. வாரம் ஒருமுறை குழுவாகக் கலை சிகிச்சை கொடுத்தும், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒழுங்காக வரவும் இல்லை. எல்லா நோய்க்கும், எல்லோருக்கும் இது பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதேபோல, கடையில் விற்கும் பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் கலை சிகிச்சை இல்லை. மனசு அமைதியாகும், உண்மைதான். நானே அதில் கலர் அடிப்பதுண்டு. மண்டலா மாதிரி ஒழுங்கான வடிவங்களுக்கு வண்ணம் தீட்டினால் பதற்றம் குறைவதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் சிகிச்சை என்பதில் இன்னொரு மனிதர் இருக்கிறார். என்ன வெளியே வந்தாலும் பதறாமல் கூட உட்காரப் பயிற்சி பெற்ற மனிதர். பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் 'கலை சிகிச்சையாளர்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். இங்கே வார இறுதிப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார். அதனால் கேளுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை காலம், உளவியல் பயிற்சி உண்டா, மனநல மருத்துவரோடு தொடர்பில் வேலை செய்கிறீர்களா, படங்களை என்ன செய்வீர்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் படத்தைப் பார்த்ததுமே உங்கள் குணத்தைப் புட்டுப்புட்டு வைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு, 14416 என்ற எண் இருக்கிறது. டெலிமானஸ் என்ற அரசுச் சேவை. 2022-லிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

வீட்டில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அண்ணன் மகளுக்கு ஆறு வயது. படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் முன்பெல்லாம் 'சூப்பர்' என்பேன், அல்லது 'யானை எங்கயாவது பச்சையா இருக்குமாடா?' என்பேன். இப்போது, "இதைப் பத்தி அத்தைகிட்ட சொல்லேன்" என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் பச்சை யானையைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னாள். அது மரத்துக்குள் ஒளிந்திருக்கிறதாம். ஸ்கூலில் ஒரு பெண் அதன் டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறாளாம். 'சூப்பர்' என்றிருந்தால் டிபன் பாக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பன்னிரண்டாவது வாரத்தோடு அம்மாவின் வகுப்பு முடிந்தது. அம்மா அதை 'வகுப்பு' என்றுதான் சொல்வாள். கடைசி நாள் ஃபைலைத் திறந்து, எல்லாத் தாள்களையும் வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்க்கச் சொன்னார்களாம். எவை வீட்டுக்கு வேண்டும், எவை வேண்டாம் என்று அம்மாவே முடிவு செய்யலாம். மூன்றை மட்டும் எடுத்துவந்தாள். முதல் நாள் நான் கெடுத்த அந்தக் கால் தாள் அதில் ஒன்று. மூன்றையும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

பேச்சு முன்பு மாதிரி முழுசாகத் திரும்பிவிடவில்லை. சில நாள் வெறும் தலையசைப்புதான். அந்த நாள்களில் நானும் அதிகம் கேட்பதில்லை. வருஷம் திரும்பிய பிறகும் மாவு டப்பா பரணிலேயே இருக்கிறது. அதை இறக்குவதா வேண்டாமா என்பது அம்மாவின் இஷ்டம். மத்தியானம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கூடத்து ஜன்னல் பக்கத்தில் தாளை எடுத்து வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கென்று நான் வாங்கிக் கொடுத்த பெட்டியில் நீலம், ரோஸ், ஊதா எல்லாம் முனை மழுங்காமல் அப்படியே இருக்கின்றன.

நேற்று ஆபீஸிலிருந்து கிளம்பும்போது போன் வந்தது. "வர்ற வழியில கடைக்குப் போவியா? பழுப்பு தீர்ந்துபோச்சு. பெட்டியா வாங்கிடாத, அது ஒண்ணு மட்டும் தனியாக் கிடைக்குமான்னு கேட்டுப் பாரு. கிடைச்சா மஞ்சளும் ஒண்ணு."